காதலோ, காவலோ?

விழா மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை வேண்டியபோது, சங்கப் பாட்டொன்றின் நயத்தையோ சமய குரவர் ஒருவரின் பெருமையையோ எழுதித் தருவேன் என்றே எண்ணியிருப்பர். தமிழாசிரியன் எழுதத்தக்கவை அவையே என்பது இத்தகைய மலர்களின் நெடுநாள் வழக்கு. அவ்வழக்கை மீறி, மேனாட்டு இசைஞர் மூவர் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கிலப் பாட்டொன்றைப் பற்றி எழுதத் துணிந்தமைக்குக் காரணம் உண்டு. அதனை முதலிற் கூறிவிடுகிறேன்.

விழாவின் இறுதிநாள் மாலையில் நிகழவிருக்கும் கலைநிகழ்ச்சிக்கென உயர்தர வகுப்பு மாணவர் சிலர் மெல்லிசைக் குழு ஒன்றை அமைத்திருக்கின்றனர். அவர்கள் பாட எடுத்துக்கொண்ட பாட்டுக்களுள் ஒன்று, ‘பொலிஸ்’ என்னும் பெயருடைய ஆங்கில இசைக்குழுவினரின் ‘எவ்ரி பிரெத் யூ டேக்’ என்பது. ‘நீ விடும் ஒவ்வொரு மூச்சும்’ என்று அத்தலைப்பைத் தமிழில் தரலாம். ஆசிரியர் அறையில் இப்பாட்டுக் குறித்துக் கருத்து வேறுபாடு தோன்றிற்று. இந்துக் கல்லூரி மேடையில் மேனாட்டுக் காதற் பாட்டு எதற்கு என்றார் ஒருவர். அழகான காதற் பாட்டுத்தானே, பிள்ளைகள் பாடட்டும் என்றார் மற்றொருவர். இருவரும் ஒன்றில் மட்டும் உடன்பட்டனர். அது காதற் பாட்டு என்பதில். யான் மாறுபடுவதோ அந்த ஒன்றிலேதான்.

யானும் முன்பு அவர்களைப் போலவே எண்ணியிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் படித்த பழைய மாணவர் ஒருவரின் திருமண வரவேற்பு கொழும்பில் நடந்தது. மணமக்கள் கைகோத்து மண்டபத்தினுள் நுழைந்தபோது வாத்தியக் குழுவினர் வாசித்தது இப்பாட்டையே. சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் நீர்த்துளிபோல விழுந்தன. என் உள்ளமும் குளிர்ந்தது. அருகிருந்தவரிடம் பொருள் கேட்டேன். ‘காதற் பாட்டு, மாஸ்ரர், என்றும் பிரியேன் என்கிறான்’ என்றார். அவ்விளக்கத்தோடு வீடு திரும்பினேன். மாணவர் இப்பாட்டைத் தேர்ந்தெடுத்த பின்னரே, தமிழாசிரியனுக்குரிய பழக்கத்தினால், சொற்களை எழுத்தில் எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் பொருள் பார்த்தேன். பார்த்தபோது திடுக்குற்றேன்.

பாட்டிலே பேசுகிறவன் தன்னை விட்டுப் பிரிந்துபோன ஒருத்தியை நோக்கிப் பேசுகிறான். அவளுடைய அசைவையும் நடையையும் பேச்சையும், அவள் முறித்த உறவையும், அவள் முகத்திற் காட்டும் பொய்ச் சிரிப்பையும், எதனையும் விடாது தான் நோக்கிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறான். அவள் தன் உடைமை என்று சாதிக்கிறான். நடுவே ஒருமுறை தன் தனிமைத் துயரைக் கூறி இரங்குகிறான். அவ்விரக்கமும் முடிந்தபின் மறுபடியும் நோக்குதற்கே திரும்புகிறான். அவளை மகிழ்விப்பேன் என்று ஒருகாலும் சொல்லவில்லை. அவள் நலமாய் இருக்கின்றாளோ என்று கேட்கவும் இல்லை. காதல், காவல் என்னும் இரு சொற்களுக்கும் எழுத்தளவில் வேறுபாடு ஒன்றேயாயினும், பொருளளவில் உள்ள தூரம் பெரிது. இப்பாட்டு அத்தூரத்தின் அப்பாற் கரையில் நிற்பது. உலகமோ இதனை இப்பாற் கரையில் வைத்துக் கொண்டாடிற்று. இப்பிழை எங்ஙனம் நேர்ந்தது என்பதை அறிதற்குப் பாட்டுப் பிறந்த வரலாற்றைச் சிறிது காணவேண்டும்.

1976, 1977ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்திலே ‘பங்க்’ என்னும் இசைக்கிளர்ச்சி எழுந்தது. தேர்ச்சி வேண்டாம், பயிற்சி வேண்டாம், சினமும் துணிவும் உடையவன் எவனும் மேடை ஏறலாம் என்பது அதன் கொள்கை. அதன் சூடு தணியுமுன்னே, அதனுடைய சுருக்கத்தையும் விரைவையும் விட்டுவிடாமல், இசைத்தேர்ச்சியையும் புதிய மின்னணுக் கருவிகளையும் பிறநாட்டுத் தாளங்களையும் சேர்த்துக்கொண்டு வந்தது ‘நியூ வேவ்’, அஃதாவது புதிய அலை. அவ்வலையில் மேலெழுந்த குழுக்களுள் ஒன்று, 1977ஆம் ஆண்டில் இலண்டனில் அமைந்த பொலிஸ் குழு. யமேக்கா நாட்டு ‘ரெகே’ தாளத்தை ரொக் இசையோடு இணைத்தமை அவர்க்குத் தனி அடையாளம் ஆயிற்று.

குழுவில் மூவர். முரசு வாசித்தவர் ஸ்டுவேட் கோப்லண்ட் என்னும் அமெரிக்கர். கிற்றார் வாசித்தவர் அன்டி சமர்ஸ். 1942இல் பிறந்தவர், ஏனை இருவரினும் ஏறக்குறையப் பத்தாண்டு மூத்தவர், 1960களிலேயே பல குழுக்களில் வாசித்துப் பழகியவர். பாடியவரும் பெரும்பாலான பாட்டுக்களை இயற்றியவரும் கோர்டன் சம்னர். ‘ஸ்டிங்’ என்னும் பட்டப்பெயரே உலகறிந்தது. கறுப்பும் மஞ்சளும் வரிவரியான மேலாடை ஒன்றை அடிக்கடி அணிந்தமையால், குளவியை நினைந்து நண்பர் இட்ட பெயர் அது. அவரைப் பற்றி நம் ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி சொல்லவேண்டும். அவர் வட இங்கிலாந்திலே ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியிற் பயின்று, 1974இல் தகைமை பெற்று, இரண்டாண்டு சிறுவர் பாடசாலையிற் கற்பித்தவர். ஆதலின், அவரும் பயிற்றப்பட்ட ஆசிரியரே. நம் இனத்தவர் ஒருவர் எழுதிய பாட்டு என்று உரிமை பாராட்டி நாமும் சிறிது கடுமையாகத் திருத்தலாம் அன்றோ!

1982ஆம் ஆண்டில் ஸ்டிங் யமேக்காத் தீவிலே, ‘கோல்டன் ஐ’ என்னும் வீட்டில் தங்கியிருந்தார். ஜேம்ஸ் பொன்ட் என்னும் ஒற்றன் கதைகளை இயன் பிளெமிங் எழுதியது அவ்வீட்டிலேதான். அக்காலத்தில் ஸ்டிங்கின் முதல் மணவாழ்க்கை முறிந்துகொண்டிருந்தது. ஒருநாள் நள்ளிரவில் விழித்தெழுந்தபோது பாட்டின் முதலடி உள்ளத்தில் நின்றதாகவும், பியானோவின்முன் அமர்ந்து அரைமணி நேரத்தில் முழுப்பாட்டையும் எழுதி முடித்ததாகவும் அவரே பின்னர்க் கூறியிருக்கிறார். மெட்டு, நூற்றுக்கணக்கான பழம்பாட்டுக்களின் பொதுச்சாயல் உடையது என்பதையும் ஒப்புக்கொண்டிருக்கிறார். எழுதும்போது ஆறுதல் தரும் காதற் பாட்டு என்றே தோன்றிற்றாம். அதனுள் எத்துணைக் கொடுமை இருந்தது என்பது பின்னரே புலனாயிற்றாம். கண்காணிப்பும் அடக்கியாளுதலும் பற்றிய எண்ணங்கள் அப்போது தம் மனத்தில் இருந்திருக்க வேண்டும் என்கிறார். ஒற்றன் கதை பிறந்த வீட்டில், துணையை இழந்துகொண்டிருந்த ஒருவர், வேவு பார்ப்பவனின் பாட்டை எழுதினார். எழுதியவர்க்கே முதலில் அதன் முகம் தெரியவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கேட்டவரைக் குறைகூறும்போது அது நமக்குப் பயன்படும்.

ஒலிப்பதிவு நடந்தது மொன்செராற் என்னும் சிறு கரிபியத் தீவில். பீற்றில்ஸ் குழுவினரின் இசைத்தட்டுக்களை ஆக்கிய ஜோர்ஜ் மாட்டின் 1979இல் அங்கே நிறுவிய ஒலிப்பதிவு நிலையம் அது. 1989இல் புயலும், 1995 தொடக்கம் எரிமலையும் அத்தீவை அழித்தமையால் இன்று அந்நிலையம் இடிபாடாய்க் கிடக்கிறது. 1982ஆம் ஆண்டின் இறுதியில் மூவரும் அங்குக் கூடியபோது அவர்களிடையே அன்பு குறைந்திருந்தது. கோப்லண்டின் முரசு உணவறையில் வைக்கப்பட்டது. சமர்ஸ் ஒலிப்பதிவு அறையில் நின்றார். ஸ்டிங் கட்டுப்பாட்டு அறையில் இருந்தார். அறையால் வேறுபட்டது போலவே கருத்தாலும் வேறுபட்டனர். இப்பாட்டின் தாளம் எப்படி அமைதல் வேண்டும் என்பதில் ஸ்டிங்கும் கோப்லண்டும் கடுமையாக முரண்பட்டனர். ஒலிப்பதிவை நடத்திய ஹியூ பட்காம் பெரும்பாடு பட்டார். முடிவில் நின்றது அலங்காரமற்ற நேரான தாளம். பழைய ரெகே துள்ளல் எங்கும் இல்லை.

ஸ்டிங் முன்னரே பதிந்து கொண்டுவந்த மாதிரியில் ஓகன் இசை மேலோங்கி இருந்தது. அதனை நீக்கியபின், கிற்றாருக்கு என்ன செய்வதென்ற கேள்வி எழுந்தது. சமர்ஸிடம் அப்பொறுப்பு விடப்பட்டது. அவர் சில காலத்துக்கு முன் ஹங்கேரி நாட்டு இசையறிஞர் பேலா பார்ட்டொக்கின் வயலின் இணைப்பாடல்களைப் பயின்றிருந்தார். அப்பயிற்சியின் பயனாக, சுரக்கூட்டுக்களை ஒருங்கே மீட்டாது ஒவ்வொரு சுரமாய்ப் பிரித்து, ஒவ்வொரு கூட்டிலும் இரண்டாம் சுரத்தையும் கலந்து, விரல்களை அகல விரித்து வாசித்தார். ஒரே முறையில் வாசித்து முடித்ததாகச் சொல்லியிருக்கிறார். திருமண மண்டபத்தில் என் உள்ளத்தைக் குளிர்வித்த நீர்த்துளிகள் அவருடையவையே. பாட்டு வெளிவந்தபோது ஆக்கியோன் என்று பொறிக்கப்பட்ட பெயரோ ஸ்டிங் ஒருவருடையது. உரிமைப்பணம் பற்றிய மனத்தாங்கல் நாற்பதாண்டு தாண்டியும் ஆறவில்லை. 2025இல் சமர்ஸும் கோப்லண்டும் இலண்டன் உயர் நீதிமன்றத்தில் ஸ்டிங்குக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். வழக்கின் நியாயத்தை நீதிபதிகள் பார்த்துக்கொள்வர். நம் ஆராய்ச்சிக்கு வேண்டியது இவ்வளவே: சொல் ஒருவருடையது; அதனை இனிப்பித்தவர் மூவர். கசப்பு மருந்தின்மேல் வெல்லப்பாகு பூசியது போல, கொடிய சொல்லின்மேல் இனிய இசை படிந்தது. 1950களின் காதற் பாட்டுக்களில் உலகம் கேட்டுப் பழகிய சுரக்கூட்டு வரிசையே இதற்கும் அடிப்படை. அவ்வரிசையைக் கேட்டவுடன் செவி ‘இது காதல்’ என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறது. அதன்பின் சொல் எதுவாயினும் அம்முடிவுக்குள்ளேயே நுழைந்து அடங்கிவிடுகிறது.

1983ஆம் ஆண்டு மே மாதத்தில் பாட்டு வெளிவந்தது. அமெரிக்காவின் ‘பில்போர்ட்’ வரிசையில் 8 வாரமும், பிரித்தானிய வரிசையில் 4 வாரமும் முதலிடத்தில் நின்றது. 1984இல் நடந்த ‘கிராமி’ விருது விழாவில், ஆண்டின் சிறந்த பாட்டு என்னும் விருதைப் பெற்றது. பாட்டுக்கென எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படத்தை இயக்கிய கெவின் கோட்லி, லொல் கிரீம் என்னும் இருவரும் பொருளை உணர்ந்தே எடுத்திருக்கின்றனர். இருண்ட மண்டபம், பின்னே ஒருவன் உயர்ந்த யன்னலைத் துடைத்துக்கொண்டிருக்கிறான், பாடுகிறவரோ புன்னகையின்றி நம்மையே உற்றுநோக்குகிறார். அக்கண்களைக் கண்ட பின்னும் உலகம் மயங்கியே நின்றது. தங்கள் திருமணத்தில் இப்பாட்டையே வாசிக்கச் செய்தோம் என்று தம்மிடம் வந்து மகிழ்ச்சியோடு சொன்ன தம்பதியரைப் பற்றி ஸ்டிங் வியப்போடு பேசியிருக்கிறார். 1985இல் தாம் தனித்து வெளியிட்ட பாட்டொன்றிலே, அன்பு செய்தால் அன்புக்குரியவரைக் கட்டின்றி விடவேண்டும் என்ற கருத்தைப் பாடி, அதனை முந்திய பாட்டின் நஞ்சுக்கு மாற்று மருந்து என்றார். மருந்துக்குக் கிடைத்த புகழ் நஞ்சுக்குக் கிடைத்த புகழில் ஒரு பங்குமில்லை. அமெரிக்க வானொலிகளில் மிகுதியாக ஒலிபரப்பப்பட்ட பாட்டு இதுவே என்று, பாட்டுரிமைகளைக் கவனிக்கும் ‘பி.எம்.ஐ.’ நிறுவனம் 2019இல் அறிவித்தது. ஒலிபரப்பான தடவைகள் ஏறக்குறைய 1 கோடியே 50 இலட்சம்.

இத்தனை கோடிச் செவிகள் ஏமாந்தது எதனால்? விடை நம் தொல்காப்பியத்திலே கிடக்கிறது. அதனால் அந்நூல் இம்மேனாட்டுப் பாட்டை எதிர்பார்த்து எழுதப்பட்டது என்று யான் பெருமை பேச வரவில்லை. பாட்டு எந்நாட்டதாயினும் அதனை ஆராயும் கருவி ஒன்று அங்கு உண்டு என்பதே என் கருத்து. செய்யுளின் உறுப்புக்கள் இவை என்று செய்யுளியல் எண்ணிச் செல்லும்போது, எழுத்தும் அசையும் சீரும் அடியும் தொடையும் மாத்திரம் கூறி நிறுத்தவில்லை. கூற்று என்பது ஓர் உறுப்பு. கேட்போர் என்பது ஓர் உறுப்பு. எச்சம் என்பதும் ஓர் உறுப்பு. பாட்டிலே பேசுகிறவர் யார்? யாரை நோக்கிப் பேசுகிறார்? சொல்லாது விடப்பட்டது யாது? இம்மூன்று வினாவுக்கும் விடை காணாதவன் பாட்டைக் கேட்டவனாகான்; ஓசையைக் கேட்டவனே ஆவான்.

இப்பாட்டுக்கு அவ்வினாக்களை இட்டுப் பாருங்கள். கூற்று, பிரியப்பட்ட ஒருவனுடையது. பாட்டை எழுதியவரே அவன் என்று கொள்ளல் வேண்டா. கண்டோர் கூற்றைப் புலவர் கூற்று என்று எழுதும் மாணவனுக்கு நாம் புள்ளி குறைப்பதில்லையா? கேட்போள், விட்டு விலகிய ஒருத்தி. எச்சமாவது, அவள் மறுமொழி. பாட்டுத் தொடங்கி முடியும்வரை அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவளை நாம் அவன் கண்ணாலேயே காண்கிறோம். அவள் சிரிப்புப் பொய் என்கிறான். மெய்யோ பொய்யோ நாம் அறியோம். அவள் உறுதிமொழியை மீறினாள் என்கிறான். எதற்காக மீறினாள் என்பது நமக்குத் தெரியாது. மறுமொழி வாராதிருக்கவும் தானே பேசித் தானே நிறைவுறும் ஒருதலை நிலையைக் கைக்கிளை என்றும், பொருந்தாது மிகைபட்டதைப் பெருந்திணை என்றும் வேறு பிரித்து, அன்பொத்த ஐந்திணையின் வெளியே நம் முன்னோர் வைத்தனர். அவற்றைப் பாடலாகாது என்று அவர் விலக்கவில்லை. பாடலாம், ஆனால் அது இன்னது என்று அறிந்து பாடவேண்டும் என்பதே அப்பாகுபாட்டின் பயன்.

இதற்கு இரு தடைகள் எழுப்பப்படலாம்.

முதற்றடை, பாட்டு வெளிவந்தபின் அது கேட்பவரின் சொத்து. மணமக்கள் அதனைத் தம் அன்புக்கு அடையாளமாகக் கொண்டால் உனக்கென்ன இழப்பு என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. 1997இல் அமெரிக்காவில், சுட்டுக் கொல்லப்பட்ட நண்பர் ஒருவரின் நினைவாக, பவ் டடி என்னும் பாடகர் சமர்ஸின் அதே கிற்றார் இசையின்மேல் வேறு சொற்களை அமைத்து இரங்கற் பாட்டாக வெளியிட்டார். அது 11 வாரம் முதலிடத்தில் நின்று, துயருற்ற பலருக்கு ஆறுதலாயிற்று. மெட்டு வேறு பொருளையும் தாங்கும் என்பதற்கு அது சான்று. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவர் சொற்களை மாற்றிக்கொண்டார். மணமண்டபத்தில் ஒருவரும் சொற்களை மாற்றவில்லை, மறந்துவிட்டனர். மாற்றுதல் கேட்டவன் செயல். மறத்தல் கேளாதவன் செயல்.

இரண்டாந்தடை, இத்தகைய பாட்டு ஆதலின் மேடையிலேயே ஏறலாகாது என்பது. இதனையும் யான் ஒப்பேன். நம் மேடையில் இராவணன் வந்திருக்கிறான், துரியோதனன் வந்திருக்கிறான், சென்ற தலைமுறையின் நாடகங்களில் அவ்வேடம் பூண்டு கைதட்டல் பெற்ற பழைய மாணவர் பலர் இம்மலரைப் படித்துக்கொண்டிருப்பர். அவர்கள் தீமையை நடித்தனர். நடித்தது தீமை என்று தாமும் அறிந்திருந்தனர், சபையும் அறிந்திருந்தது. ஆகவே கேடு விளையவில்லை. இப்பாட்டின் இடர், தீயவன் ஒருவன் பேசுவதில் இல்லை. அவன் நல்லவனின் குரலிற் பேசுவதும், அதனை நாம் அறியாதிருப்பதுமே இடர். விலக்கினால் அறியாமை நீங்காது. நம் பிள்ளைகள் இதனைக் காதிற் செருகிய கருவியின் வழியே நாள்தோறும் தனித்திருந்து கேட்கின்றனர். அங்கே கல்லூரியின் விலக்குச் செல்லாது.

இத்துணையும் எழுதுவதற்கு என்னை உந்திய நிகழ்ச்சி ஒன்றையும் கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு மாணவன் படித்தான். கெட்டிக்காரன், பணிவுள்ளவன். தனியார் கல்வி நிலையம் ஒன்றில் உடன்படித்த பெண்பிள்ளை ஒருத்தியோடு சில மாதம் நட்புக் கொண்டிருந்தான். பின்னர் அவள் விலகிக்கொண்டாள். அவன் விலகவில்லை. அவள் எத்தனை மணிக்குப் படலையைத் திறந்துகொண்டு வெளியே வருகிறாள், எந்த ஒழுங்கையாற் சைக்கிளிற் போகிறாள், யாரோடு நின்று கதைக்கிறாள், இரவிலே கைத்தொலைபேசியில் எத்தனை மணிவரை விழித்திருக்கிறாள் என்பவற்றையெல்லாம் ஒரு கொப்பியில் நாள் குறித்து எழுதி வைத்திருந்தான். அவள் தந்தையார் என்னிடம் வந்து கண்கலங்கி முறையிட்ட அன்றே யான் அதனை அறிந்தேன். மாணவனை அழைத்துக் கேட்டேன். ‘நான் ஒரு பிழையும் செய்யவில்லை, சேர். அவளுக்குக் கரைச்சல் கொடுக்கவில்லை. அவளோடு கதைக்கவும் இல்லை. பார்த்துக்கொண்டு மட்டுந்தான் இருந்தேன்’ என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. அதுவே என்னை வருத்திற்று. தான் செய்தது அன்பு என்றே அவன் நம்பினான். அப்பெண்பிள்ளையோ பரீட்சைக்கு நான்கு மாதம் இருக்கும்போது கல்வி நிலையத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். யான் அவனுக்கு ஒழுக்கம் பற்றி நெடுநேரம் உபதேசம் செய்தேன். தலைகுனிந்து கேட்டான், ஒரு சொல்லும் அவன் உள்ளே புகவில்லை என்பது அவன் முகத்திலே தெரிந்தது. உபதேசத்தில் குற்றவாளி அவன்; நீதிபதி யான். அவ்விருக்கையில் இருந்துகொண்டு எவனும் எதனையும் கற்றுக்கொள்வதில்லை. அன்று இப்பாட்டின் பொருளை யான் அறிந்திருந்தால், உபதேசத்தை விடுத்து, பாட்டை அவன்முன் வைத்து, ‘இவன் யார்? இவன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் அவள் என்ன நினைத்திருப்பாள்? அவள் பாட்டை நீ எழுது’ என்று சொல்லியிருப்பேன். பிறன் ஒருவன் முகத்திலே தன் முகத்தைக் காண்பது எளிது. இலக்கியம் கற்பிப்பதன் பெரும்பயன் அதுவென்றே கருதுகிறேன்.

திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களையும் அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். கல்லாதவனுக்கும் கேள்வி கைகொடுக்கும் என்பது அவ்வைப்புமுறையின் குறிப்பு. ஆனால் செவியில் விழுவதெல்லாம் கேள்வி ஆகாது. நாம் மாணவர்க்கு வாசிக்கப் பழக்குகிறோம்; எழுதப் பழக்குகிறோம்; கேட்கப் பழக்குகின்றோமா? செய்யுளை நூலிற் கண்டால் திணையும் துறையும் கூற்றும் கேட்கும் நாம், அதே மாணவன் நாள் முழுதும் கேட்கும் பாட்டை, அது தமிழாயினும் ஆங்கிலமாயினும், ஆராய்ச்சிக்கு உரியதன்று என்று ஒதுக்கிவிடுகிறோம். ஒதுக்கியதன் பயனாக, அவன் இலக்கியத்தை ஆராய்ந்து மறக்கிறான். பாட்டை ஆராயாது மனத்திற் பதிக்கிறான். எது அவன் ஒழுக்கத்தை உருவாக்கும் என்பதை ஆசிரியர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

ஆகவே ஆசிரியர் அறை விவாதத்தில் யான் சொன்ன தீர்ப்பு இது: பிள்ளைகள் பாடட்டும். ஆனால் பாடுமுன் அவர்களுள் ஒருவன் மேடையின்முன் வந்து, இப்பாட்டிலே பேசுகிறவன் யார் என்பதை இரண்டு வாக்கியத்திற் சபைக்குச் சொல்லட்டும். அவ்வாக்கியங்களை யான் எழுதிக் கொடுக்கமாட்டேன், அவர்களே எழுதவேண்டும்.

இத்தீர்ப்பைச் சொல்வதற்கு அவர்கள் ஒத்திகை பார்க்கும் அறைக்குச் சென்றேன். சொற்களின் பொருளை அவர்களோடு இருந்து ஒருமுறை பார்த்தோம். முதலிற் சிரித்தார்கள், பின்னர் அமைதியானார்கள். பாடுகிற மாணவன் சிறிது நேரம் கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘அப்படியானால் இதை எப்படிப் பாடுவது, சேர்?’ என்று கேட்டான். ‘இனிமையாகவே பாடு, அவன் இனிமையாகத்தான் பேசுகிறான். ஆனால் அவனை நம்பாமற் பாடு’ என்றேன். அவன் தலையசைத்தான். அவன் அதனை எவ்வாறு செய்வான் என்பது எனக்குத் தெரியாது. ஆயினும் அக்கேள்வி அவன் வாயிற் பிறந்ததே எனக்குப் போதும்.

விழா மாலைக்கு வரவிருக்கும் பழைய மாணவர்களை வேண்டிக்கொள்வதும் ஒன்றே. உங்களுள் சிலருடைய மணவிழாவிலும் இப்பாட்டு ஒலித்திருக்கலாம். அதற்காக நாணவேண்டா, எழுதியவரே முதலில் ஏமாந்தவர். அன்று மேடையில் சுரங்கள் நீர்த்துளிபோல விழத்தொடங்கும்போது உங்கள் உள்ளம் குளிரட்டும்; யானும் குளிர்வேன். ஆனால் ஒரு கணம், பாட்டிலே பேச இடம் பெறாத அந்தப் பெண்பிள்ளையையும் நினைந்து கொள்ளுங்கள். நினைந்த பின் கைதட்டுங்கள்.